ஸ்கூபா படகுக்கு என்னென்ன எடுத்துப் போகலாம்?

கேள்வி: முதல்முறையாகப் படகில் போய் ஸ்கூபா டைவ் (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது) செய்யப் போகிறேன். காலையில் ஏறினால் மாலையில்தான் கரை. டிராலி பெட்டி எடுத்துப் போகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். டைவ் படகில் உங்கள் பங்குக்குக் கிடைப்பது பெஞ்சில் ஓர் இருக்கையும் அதற்கடியில் கொஞ்சம் இடமும்தான். பெட்டியை எங்கே வைத்தாலும் யாராவது இடறுவார்கள்.

இரண்டு பைகள் போதும். மாஸ்க் (கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி), ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) போன்றவற்றுக்கு ஒரு வலைப்பை. துண்டு, மாற்றுத்துணி, மருந்து, போன் ஆகியவற்றுக்கு வாயைச் சுருட்டி மூடும் ட்ரை பேக். 10 முதல் 20 லிட்டர் அளவு தாராளம். வாயைக் குறைந்தது மூன்று சுற்று சுருட்டிய பிறகுதான் கொக்கியை மாட்ட வேண்டும். கழுத்துவரை திணித்தால் சுருட்டவே இடமிருக்காது. ஒரே மடிப்பில் மூடினால் அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். சரியாக மூடினாலும், தெறிக்கும் தண்ணீருக்கும் மழைக்கும்தான் அந்தப் பை. கடலில் விழுந்தாலும் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள். போனை உள்ளே இன்னொரு ஜிப் உறையில் போடுங்கள்.

வலைப்பையைத் தலைகீழ் வரிசையில் அடுக்குங்கள்: கடைசியாக மாட்டும் ஃபின் அடியில், முதலில் போடும் வெட்சூட் மேலே. மாஸ்க்குக்கு அதன் கெட்டியான டப்பாதான் சரி. படகு ஆடும்போது சிலிண்டர் சாய்ந்தால் முதலில் உடைவது மாஸ்க்தான்.

வெயில் கொளுத்தினாலும் ஒரு விண்ட்சீட்டர் இருக்கட்டும். முதல் டைவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது ஈர உடம்போடு காற்றில் உட்கார வேண்டியிருக்கும். அந்த நடுக்கத்தோடு இரண்டாவது முறை இறங்கினால் டைவை ரசிக்கவே முடியாது.

கேள்வி: புது மாஸ்க். எச்சில் தடவினாலும் உள்ளே பனி மூடுகிறது. மாஸ்க்கில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. புது மாஸ்க்கின் கண்ணாடியில் சிலிக்கோன் படலம் ஒட்டியிருக்கும். அது போகும்வரை எச்சில், பனி தடுக்கும் திரவம் எதுவும் பலிக்காது. ஜெல் அல்லாத சாதாரண வெள்ளைப் பற்பசையைக் கண்ணாடியின் உட்பக்கம் தடவி, விரலால் இரண்டு மூன்று நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். இதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கண்ணாடியில் சிறப்புப் பூச்சு உள்ள மாஸ்க் என்றால் பற்பசை கூடாது; கூடவே வந்த குறிப்பைப் பாருங்கள்.

படகுக்குச் சின்ன பாட்டிலில் தண்ணீர் கலந்த பேபி ஷாம்பு போதும். இறங்கும் முன் சில துளிகள் தடவி, லேசாக அலசுங்கள். சன்ஸ்கிரீன் பூசிய கையால் மட்டும் கண்ணாடியைத் தொடாதீர்கள். நெற்றியிலும் அளவாகப் பூசுங்கள். வழிந்து கண்ணில் இறங்கினால் நீருக்கடியில் துடைக்க வழியில்லை.

கேள்வி: உதிரி சாமான் எதுவும் தேவையா?

பதில்: வாடகை உபகரணம் என்றால் தேவையில்லை. சொந்தம் என்றால் மாஸ்க் பட்டை, ஃபின் பட்டை, ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) வாய்ப்பகுதி, நாலைந்து கேபிள் டை, சில ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). கேபிள் டையை அலட்சியமாக நினைக்காதீர்கள்: வாய்ப்பகுதியை ரெகுலேட்டரோடு இறுக்கிப் பிடிப்பது அதுதான்; அது அறுந்தால் ரெகுலேட்டர் கழன்றுபோய், வாய்ப்பகுதி மட்டும் பல்லில் நிற்கும்.

கேள்வி: குமட்டல் வந்தபின் மாத்திரை போட்டால் போதுமா?

பதில்: போதாது, தாமதமாகிவிடும். பெரும்பாலான மாத்திரைகளைப் படகு கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். பல மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். எனவே மருத்துவரிடம் கேட்டு, டைவ் இல்லாத ஒரு நாளில் கரையிலேயே போட்டுப் பாருங்கள். படகில் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். குனிந்து பையைத் துழாவுவதுதான் குமட்டலைக் கிளப்பும். வலைப்பையை மேலே சொன்ன வரிசையில் அடுக்கச் சொன்னது அதற்காகவும்தான்.

சளிக்கு மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது வேறு விஷயம். ஆழத்தில் மருந்தின் வேகம் குறைந்தால், மேலே வரும்போது காதுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். சளி இருந்தால் இறங்காதீர்கள்.

கேள்வி: கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு டைவ் செய்யலாமா?

பதில்: மென்மையான லென்ஸ் என்றால் செய்யலாம். கடின லென்ஸுக்கடியில் குமிழ் சிக்கும் என்பதால் வேண்டாம். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி உபரி லென்ஸும் மூக்குக்கண்ணாடியும் ட்ரை பேக்கில் இருக்கட்டும்.