காடும் நீரும் மண்ணும் பட்டப்படிப்பாக: வாசகர் கேள்வி – பதில்

இயற்கை வள மேலாண்மைப் படிப்பு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அத்துறையில் கற்பிப்பவர்களும் களத்தில் பணிபுரிபவர்களும் தரும் பதில்கள்.

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியல், வனவியல், இயற்கை வள மேலாண்மை மூன்றும் ஒன்றுதானே? எதில் சேர்ந்தால் என்ன?

ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீரில் நைட்ரேட் ஏன் கூடுகிறது, பாசி ஏன் படர்கிறது என்று கேட்பது சுற்றுச்சூழல் அறிவியல். இந்த ஆண்டு அதிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கலாம், பாசனத்துக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு, மீன்களுக்காக எவ்வளவு விட்டுவைக்க வேண்டும், மழை பொய்த்தால் முதல் வெட்டு யாருக்கு என்று முடிவுசெய்வது வள மேலாண்மை. வனவியலும் மீன்வளமும் தலா ஒரு வளத்தை மட்டும் ஆழமாகப் படிப்பவை.

வள மேலாண்மைப் படிப்பின் பலம், பலவீனம் இரண்டுமே அதன் அகலம்தான். படித்து முடிக்கும்போது மண், நீர், காடு, சட்டம், பொருளியல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். ஆனால் காட்டு வேலைக்கு விண்ணப்பித்தால் வனவியல் படித்தவர் எதிரே நிற்பார். நீர் வேலைக்குப் பொறியாளர் நிற்பார். அதனால் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு வளத்தையும், அதை அளக்கும் திறன் ஒன்றையும் தேர்ந்தெடுத்து அவற்றில் ஊறிவிட வேண்டும். 'நீர் – நீரோட்ட அளவீடு', 'காடு – மரக் கணக்கெடுப்பும் செயற்கைக்கோள் படமும்', 'மண் – ஆய்வகப் பகுப்பாய்வு' என்பது போல. எல்லாம் தெரியும் என்பவருக்கு முதல் வேலை கிடைப்பதுதான் கடினம். பத்து ஆண்டு கழித்து அதே அகலம் அவரைத் திட்டத் தலைவராக்கும்.

கேள்வி: பாடத்திட்டத்தைப் பார்த்து நல்ல துறையா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெருமளவு முடியும். பாடத் தலைப்புகளை நம்பாதீர்கள். 'நிலைத்த வளர்ச்சி' என்ற சொல் எல்லாக் கையேட்டிலும் இருக்கும். முதலில் புள்ளியியலைத் தேடுங்கள். ஒரே ஒரு பருவம், அதுவும் சூத்திரங்களோடு முடிந்தால் போதாது. மாதிரிகளை எங்கே, எத்தனை எடுப்பது என்று திட்டமிடுவதும், தரவைக் கணினியில் பகுத்தாய்வதும் தனிப் பாடமாக இருக்க வேண்டும்.

அடுத்து களப்பயிற்சி. எத்தனை நாள் என்பதோடு, கருவி யார் கையில் இருக்கும் என்றும் கேளுங்கள். நாற்பது பேர் பேருந்தில் போய் இறங்கி, ஆசிரியர் அளப்பதைக் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பினால் அது சுற்றுலா. நான்கைந்து பேருக்கு ஒரு கருவி, அவர்களே அளந்து, தவறாக அளந்து, மறுபடி அளந்தால்தான் பயிற்சி.

நூலகத்தில் பழைய இறுதியாண்டு ஆய்வேடுகளைப் புரட்ட அனுமதி கேளுங்கள். பின்னிணைப்பில் மாணவர் தாமே திரட்டிய மூலத் தரவு இருக்கிறதா? பெரும்பாலான ஏடுகள் பிறருடைய கட்டுரைகளின் சுருக்கமாகவே இருந்தால் யோசியுங்கள்.

அரசு வேலை மனத்தில் இருந்தால், சேர்வதற்கு முன் இன்னொன்று: அந்தப் பணிக்கான கல்வித் தகுதிப் பட்டியலில் உங்கள் பட்டத்தின் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். 'வனவியல்', 'வேளாண்மை', 'தாவரவியல்' என்று பட்டியலிட்டுவிட்டு இந்தப் பெயரை விட்டுவிட்ட அறிவிப்புகள் வரும். பாடம் ஒன்றேதான் என்று வாதாடிப் பயனில்லை.

கேள்வி: எனக்குக் கணக்கு சுமார்தான். தாக்குப்பிடிப்பேனா?

நுண்கணிதம் அதிகம் தேவைப்படாது. அலகுகளைக் கையாளத் தெரியாவிட்டால் மட்டும் நிச்சயம் சிரமப்படுவீர்கள். 1 ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 கன மீட்டர் நீர். 25 ஹெக்டேர் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 40 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 கன மீட்டர். அதில் 30 சதவீதம் வழிந்தோடுகிறது என்றால் 3,000 கன மீட்டர் குளத்துக்கு வரும். இந்தக் கணக்கு மனத்துக்குள்ளேயே ஓட வேண்டும்.

இன்னும் கொஞ்சம் நுட்பமான ஒன்று. ஒரு ஹெக்டேர் மண்ணில் 30 சென்டிமீட்டர் ஆழம் வரை எவ்வளவு கரிமம் இருக்கிறது? ஆய்வகம் '1 சதவீதம்' என்று சொல்லும். அது எடைச் சதவீதம். மண்ணின் மொத்த எடை தெரியாமல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பரும அடர்த்தி, அதாவது ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் உலர் எடை, வேண்டும். 5 சென்டிமீட்டர் விட்டமும் 5 சென்டிமீட்டர் உயரமும் உள்ள எஃகு வளையத்தை மண்ணில் இறக்கி எடுத்தால் கொள்ளளவு சுமார் 98 கன சென்டிமீட்டர். அந்த மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடைபோடுகிறோம். 137 கிராம் என்றால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.4 கிராம். ஆக ஹெக்டேருக்கு 4,200 டன் மண், 42 டன் கரிமம். அளக்கச் சோம்பி, புத்தகத்திலிருந்து 1.2 என்று எடுத்துப் போட்டவருக்கு 36 டன்தான் வரும். சேமித்த கரிமத்தைக் கணக்கிட்டுக் கரிம வரவாக (கார்பன் கிரெடிட்) விற்கும் திட்டத்தில் ஹெக்டேருக்கு 6 டன் வித்தியாசம் என்பது திட்டத்தையே புரட்டிப் போடக்கூடியது. வளையத்தைச் சுத்தியலால் நேரடியாக அடித்து மண்ணை நெருக்கிவிடுவதும், வளையத்துக்குள் கல் சிக்கியதைக் கவனிக்காமல் விடுவதும் அடர்த்தியைச் செயற்கையாகக் கூட்டும்.

பெருக்கலும் வகுத்தலும்தான். கவனம் வேண்டும், மேதைமை வேண்டாம்.

கேள்வி: ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) மட்டும் நன்றாகக் கற்றால் போதும், வேலை உறுதி என்கிறார்களே?

பாதி உண்மை. லேண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் படங்கள் 1972 முதல் உள்ளன. 2008 முதல் அவை இலவசம். சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில், சுமார் ஐந்து நாளுக்கு ஒன்று என்று கிடைக்கின்றன. வரைபடம் போட உதவும் க்யூஜிஐஎஸ் மென்பொருளுக்கும் காசு கிடையாது. அதனால்தான் வரைபடம் போடத் தெரிந்தவர்கள் பெருகிவிட்டார்கள். அந்த வரைபடம் எங்கே பொய் சொல்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பகுதியில் ஈரநிலம் எங்கே என்று வகைப்படுத்துகிறீர்கள். சரிபார்க்க 1,000 இடங்கள். அவற்றில் 50தான் உண்மையில் ஈரநிலம். 'எங்குமே ஈரநிலம் இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வரைபடத்துக்கும் 95 சதவீதத் துல்லியம் வந்துவிடும்! ஒட்டுமொத்தத் துல்லியத்தை மட்டும் போட்டுப் பெருமைப்படும் அறிக்கைகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே துல்லியம் கேட்க வேண்டும். வகைப்படுத்தக் கணினிக்குப் பயிற்சி தந்த இடங்களையே, அல்லது அவற்றுக்கு அடுத்த படத்துணுக்குகளை, சோதனைக்கும் பயன்படுத்துவது இன்னொரு பரவலான தவறு.

செடிகொடியின் அடர்த்தியைக் காட்டச் செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிடும் பசுமைக் குறியீடும் ஏமாற்றும். இலை அடர்ந்த இடத்தில் அது ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. ஒரே மரம் நட்ட தோட்டமும் பழைய இயற்கைக் காடும் அதில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியலாம். இதை உணர ஒரு முறையாவது இரண்டுக்குள்ளும் நடந்திருக்க வேண்டும்.

கேள்வி: அறிவியல் படிக்க வந்தால் சமூகவியலும் பொருளியலும் ஏன் திணிக்கிறார்கள்?

ஏனென்றால் மீன் தானாக அழிவதில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீன் பிடிப்பு 1992 ஜூலையில் நிறுத்தப்பட்டது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுத் தடை என்று அறிவித்தது முப்பது ஆண்டுகளைத் தாண்டியது. அங்கே அறிவியலாளர்களுக்குப் பஞ்சமில்லை. மீன் கூட்டம் சுருங்கச் சுருங்க மிச்சமிருந்தவை ஓரிடத்தில் நெருங்கின. பெரிய இழுவைக் கப்பல்கள் அங்கேயே போய் வலை வீசியதால் மணிக்கு இவ்வளவு என்ற பிடிப்பளவு நன்றாகவே இருந்தது. அந்த எண் கணிப்புக்குள் போனதால் இருப்பு உள்ளதைவிட அதிகமாகத் தெரிந்தது. பிடிப்பைக் குறைத்தால் வேலை போகும் என்ற அழுத்தம் வேறு. தவறான எண்ணும் அதை நம்ப விரும்பிய சூழலும் சேர்ந்தன.

எதிர்ப்பக்கமும் உண்டு. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் பொதுவளம் தானாகவே சீரழியும் என்று 1968இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் வாதிட்டார். அது எப்போதும் உண்மையல்ல என்று உலகெங்கும் உள்ள ஊர் அமைப்புகளை ஆராய்ந்து காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளியல் நோபல் கிடைத்தது. அவர் எடுத்துக்காட்டிய சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517ஆம் ஆண்டு ஆவணத்திலேயே ஒரு விதி இருக்கிறது: குளிர்காலம் முழுக்கத் தீவனம் போட்டுக் காப்பாற்றக்கூடிய மாடுகளைத்தான் ஒருவர் பொது மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பலாம். இந்த விதியைக் கண்காணிக்கக் கருவி எதுவும் வேண்டாம். யாரிடம் எத்தனை மாடு என்று ஊருக்கே தெரியும். சரிபார்க்க முடியாத விதி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் நிற்காது. அந்தப் பாடத்தைத் திணிப்பாக நினைத்துத் தூங்கிவிடாதீர்கள்.

கேள்வி: படித்து முடித்தால் உண்மையில் என்ன வேலை செய்வோம்?

முதல் இரண்டு ஆண்டு பெரும்பாலும் அளப்பீர்கள், அட்டவணை நிரப்புவீர்கள். அதுவும் பல இடங்களில் பருவகால ஒப்பந்தத்தில்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள் புதியவர்களை அதிகம் எடுக்கும். நீர் மாதிரி, உயிரினப் பட்டியல், இரைச்சல் அளவு, பிறகு அறிக்கையின் அத்தியாயங்கள். இந்த வேலையின் அடிப்படை வரிசை: முதலில் பாதிப்பைத் தவிர்த்தல், முடியாவிட்டால் குறைத்தல், பிறகு சீரமைத்தல், கடைசியாக வேறிடத்தில் ஈடுசெய்தல். நடைமுறையில் கடைசிப் படிக்கு நேரே தாவும் ஆசை எப்போதும் இருக்கும். ஒரே பருவத்தில் கணக்கெடுத்து முடித்துவிடுவதும் சகஜம். வறண்ட மாதத்தில் போனவர் தவளைகளையும் வலசை வரும் பறவைகளையும் ஓராண்டுச் செடிகளையும் பார்த்திருக்கவே மாட்டார். மதிப்பீட்டுக்குப் பணம் தருபவர் திட்டத்தின் உரிமையாளரே என்ற சங்கடமும் உண்டு. 'இந்தப் பட்டியல் ஒரே பருவத்தில் எடுத்தது' என்ற வரியை அறிக்கையிலிருந்து நீக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுரங்க நில மீட்பு, பலர் நினைத்தே பார்க்காத துறை. தோண்டும் முன் மேல்மண்ணைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அதை உயரமாகக் குவித்து ஆண்டுக்கணக்கில் விட்டால் உள்ளே காற்றில்லாமல் விதைகளும் வேர்ப்பூஞ்சைகளும் பெருமளவு செத்துவிடும். பிறகு பரப்பினாலும் அதிகம் முளைக்காது. குவியலைத் தாழ்வாக வைத்து, சீக்கிரம் பரப்பி, எது முளைக்கிறது என்று தொடர்ந்து எண்ணிப் பதிவுசெய்ய ஆள் வேண்டும்.

சான்றளிப்புத் தணிக்கை (காடுகளுக்கான எஃப்எஸ்சி 1993இல் தொடங்கியது), கரிமத் திட்டச் சரிபார்ப்பு இரண்டிலும் பயணம் அதிகம், எழுத்து அதிகம். தொண்டு நிறுவனங்களில் மக்களோடு வேலை. நிதி முடிந்தால் பதவியும் முடியும். நீர் வழங்கல் அமைப்புகள், காப்பீடு, வங்கி ஆகியவை வறட்சி, வெள்ள அபாயத்தைக் கணக்கிடத் தரவு தெரிந்தவர்களை எடுக்கின்றன. ஆராய்ச்சிக்கு முதுகலை அவசியம். மற்றவர்கள் ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, எந்த வளம் என்று தெளிந்த பிறகு முதுகலைக்குப் போவது நல்லது.

கேள்வி: மலை ஏறுவது எனக்கு உடல்ரீதியாக முடியாது. இந்தத் துறை எனக்கு அடைப்பா?

இல்லை. தொலையுணர்வு, தரவுப் பகுப்பாய்வு, கொள்கை, ஆய்வகம் எல்லாம் மேசை வேலை. களப்பயிற்சி மதிப்பெண்ணுக்கு மாற்று ஏற்பாடு உண்டா என்று சேரும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இறுதியாண்டு ஆய்வு தொடங்கப் போகிறேன். தலைப்பு எப்படித் தேர்ந்தெடுப்பது? எங்கே கோட்டை விடுவார்கள்?

சிறியதாக எடுங்கள். 'பல்லுயிர்ப் பெருக்கமும் அதன் பாதுகாப்பும்' என்பது வாழ்நாள் வேலை. 'குளத்தின் நிழலுள்ள கரையிலும் வெயிற்கரையிலும் கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு மாறுகிறது' என்பது ஒரு பருவ வேலை. ஆனால் அதைப் பகலில் மட்டும் அளந்தால் வீண்: ஒளிச்சேர்க்கையால் பிற்பகலில் உச்சத்துக்குப் போய், இரவெல்லாம் சுவாசத்தால் இறங்கி, விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்தில் இருக்கும். மீன் சாவது அந்த நேரத்தில்தான்.

மரம் அளப்பதாக இருந்தால் மூன்று தவறுகளைக் கவனியுங்கள். மார்பளவு விட்டம் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில். சரிவில் மேட்டுப் பக்கத் தரையிலிருந்து அளக்க வேண்டும். சுற்றளவை எடுத்துவிட்டு விட்டம் என்ற கட்டத்தில் எழுதினால், விட்டத்திலிருந்து மரத்தின் எடையைக் கணிக்கும் சமன்பாட்டில் விட்டத்தின் அடுக்கு இரண்டுக்கு மேல் இருப்பதால் ஒரு மரத்தின் எடை பத்து மடங்குக்கு மேல் ஊதிவிடும். இது ஆண்டுதோறும் யாராவது ஒருவர் செய்வது. மூன்றாவது சரிவு: 30 டிகிரிச் சரிவில் நாடாவைத் தரையோடு 20 மீட்டர் விரித்தால் கிடைமட்டத்தில் 17.3 மீட்டர்தான் கிடைக்கும். திருத்தாவிட்டால் ஹெக்டேருக்கு இத்தனை மரம் என்ற எண் 13 சதவீதம் குறைவாக வரும்.

பத்தில் ஒரு பங்கு அளவீட்டை, முந்தைய எண்ணைப் பார்க்காத இன்னொருவரை வைத்துத் திரும்ப எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் ஆய்வேட்டில் போடுங்கள். நேர்காணலில் கேட்கிறவருக்கு அந்த ஒரு பக்கமே போதும், நீங்கள் களத்தில் நின்றவரா என்று தெரிந்துவிடும். தலைப்புக்கு ஒப்புதல் வாங்கும் முன்பே, உங்களுக்கு வேண்டிய கருவி எந்த மாதங்களில் காலியாக இருக்கும் என்று ஆய்வக உதவியாளரிடம் கேட்டுப் பதிவுசெய்துவிடுங்கள்.