பாசி ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் மகள் கணிதத்தை விடலாமா?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

கரீபியன் கடற்கரைகளில் குவியல் குவியலாக ஒதுங்கும் பாசியைத்தான் ஆராயப் போகிறேன் என்று பிளஸ் டூ முடித்த தங்கள் மகள் பிடிவாதமாக நிற்பதாகவும், பாசியைப் படித்தவளுக்கு யார் வேலை தருவார்கள் என்ற கவலையில் தாங்கள் தூக்கமின்றித் தவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த விருப்பத்தைக் கண்டு நான் கவலைப்படவில்லை. உயிரியல்-கணிதப் பிரிவில் படித்தவள் கல்லூரியில் கணிதத்தை அறவே கைவிட நினைக்கிறாள் என்ற வரிதான் என்னைக் கவலைப்படுத்தியது.

அவள் ஆராய விரும்பும் பாசிக்குச் சர்காசம் என்று பெயர். இராமநாதபுரக் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் கட்டக்கோரை என்று சொல்வதும் இதே பேரினம்தான் என்றாலும், அது பாறையைப் பற்றி வளர்வது. அட்லாண்டிக்கின் இரண்டு இனங்களோ மிளகளவு காற்றுப்பைகளின் பலத்தில் வாழ்நாள் முழுவதும் மிதப்பவை. ஒரு துண்டு ஒடிந்தால் அதுவே தனிச்செடியாகப் பெருகும். 2011 முதல் இந்த மிதக்கும் பாசி வெப்பமண்டல அட்லாண்டிக்கில் பெருந்திரளாகத் தோன்றத் தொடங்கியது. 2018 ஜூனில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை சுமார் 8,850 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு கோடி டன்னுக்கும் மேற்பட்ட பாசி பரவிக் கிடந்ததாகத் தென் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். 2025 மே மாதத்தில் அந்த அளவு 3 கோடியே 75 இலட்சம் டன்னாக உயர்ந்தது. கரையில் அழுகும்போது அழுகிய முட்டை நாற்றத்துடன் ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறுவதால், பார்படாஸ், குவாதலூப், மெக்சிகோவின் கின்டானா ரூ போன்ற இடங்களில் மீனவரின் பிழைப்பும் மூச்சுவிடும் காற்றுமே கெடுகின்றன.

இத்தனை கோடி டன்னை யார் எடை போட்டார்கள் என்று தங்கள் மகளைக் கேட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைக் கடல்நீர் விழுங்கிவிடும். மிதக்கும் பாசி அதைத் திருப்பி அனுப்பும். ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு படப்புள்ளியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பாசி இருந்தாலும், அந்தச் சிறு வேறுபாட்டை மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவி எடுத்த படத்திலிருந்து பிரித்தெடுத்து, மேகத்தையும் சூரிய ஒளியின் பிரதிபலிப்பையும் கழித்து, பரப்பை எடையாக மாற்றுகிறார்கள். இந்த வேலையில் பாதிக்கு மேல் கணிதமும் நிரல் எழுதுவதும்தான். காரணத்தைத் தேடுவதும் அப்படியே: அமேசான் ஆறு சுமந்து வரும் உரச்சத்தா, ஆழ்கடலிலிருந்து மேலேறும் சத்தா, 2009-10 குளிர்காலத்தில் காற்று திசைமாறி பாசியைத் தெற்கே தள்ளியதா என்ற விவாதத்தில் நீரோட்டத்தைக் கணிக்கும் கணித மாதிரியும் வேதியியலும் அறியாதவரால் கலந்துகொள்ள முடியாது.

ஆகவே, பதினெட்டு வயதிலேயே கடல் உயிரியல் என்று குறுக்கிக்கொள்ளாமல், தாவரவியலோ வேதியியலோ முதன்மைப் பாடமாக எடுத்து, புள்ளியியலையும் பைத்தான் நிரலையும் கூடவே கற்கட்டும். முதுகலைக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையமும், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன; எந்தப் பட்டம் ஏற்கப்படும் என்பதை இளங்கலையில் சேருமுன்பே அவற்றின் அறிவிக்கையில் பார்த்துவிடுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை ஒளிக்காமல் சொல்கிறேன். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டம் முடிக்க இருபத்தெட்டு வயதுகூட ஆகலாம். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும், அதனால் அவள் வீட்டுக்குச் சுமையாக இருக்க மாட்டாள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் நம் கடலின் பாசிப் பெருக்கைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கிறது. மண்டபத்தில் மத்திய உப்பு, கடல் வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் படர்ந்தது 2008இலேயே பதிவாகியிருப்பதால், அவள் கற்கும் படிப்புக்கு இங்கும் தேவை உண்டு. ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும், செயற்கைக்கோள் படங்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேளாண்மை, நீர்வளத் துறைகளிலும் இடமிருக்கிறது.

இந்த விடுமுறையில் அவளை ஒருமுறை மண்டபம் அழைத்துச் சென்று, பாசி எடுக்கும் பெண்களோடு ஒரு காலைப்பொழுதைக் கழிக்க விடுங்கள். திரும்பியதும் அவளுடைய மதிப்பெண் பட்டியலை எனக்கு அனுப்புங்கள்; எந்தக் கல்லூரியில் எந்தத் துணைப்பாடம் கிடைக்கும் என்று சேர்ந்து பார்ப்போம்.