மாடியும் தொலைநோக்கியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கரூரில் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குப் பார்க்கும் தொழில் எனக்கு. மாடி அறைதான் அலுவலகம். முதலாளி, ஊழியர் எல்லாம் நான் ஒருவன்தான். கொசுவலை, படுக்கை விரிப்பு தயாரிக்கும் சிறு நிறுவனங்கள் என் வாடிக்கையாளர்கள். இரவு பத்து மணிக்கும் ‘சார், ஒரு டவுட்’ என்று வாட்ஸ்அப் வரும்.

மனது இளைப்பாற ஏதாவது வேண்டும் என்று கீபோர்டு வாங்கினேன். மூன்றே மாதத்தில் பெட்டிக்குள் போய்விட்டது. மாடித்தோட்டம் போட்டேன், ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளான ஒரு 20ஆம் தேதி வாரத்தில் தண்ணீர் விட மறந்து கருகிவிட்டது. தீபாவளிக்கு இணையத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத்தூரம் (லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரை). கண் வைத்துப் பார்க்கும் 20, 12.5, 4 மி.மீ. ஐபீஸ்கள், உருப்பெருக்கத்தைக் கூட்டும் ஒரு 3 மடங்கு பார்லோ லென்ஸ். ‘525 மடங்கு’ என்று பெட்டியில் போட்டிருந்தது. இதுவரை நிலா மட்டும்தான் பார்த்தேன், அதுவும் ஆடிக்கொண்டே. இதை விற்றுவிட்டுப் பெரிதாக வாங்கலாமா? என்னைப் போன்றவர்களுக்குப் பொழுதுபோக்கே ஒத்துவராதோ என்றும் தோன்றுகிறது. பள்ளிகளில் வானம் காட்டிக் காசு பார்க்கலாமே என்கிறார் மைத்துனர்.

– ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

விற்க வேண்டாம், பெரிதாகவும் வாங்க வேண்டாம். கருவியில் பெரிய குறை இல்லை. பெட்டியில் அச்சடித்த எண்ணில்தான் குறை.

உங்களுக்குக் கணக்கு தெரியும் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். குவியத்தூரத்தை ஐபீஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால் கிடைப்பது உருப்பெருக்கம். 700ஐ 4ஆல் வகுத்தால் 175. அதை பார்லோவின் 3ஆல் பெருக்கினால் 525. பெருக்கல் சரிதான். ஆனால் 70 மி.மீ. லென்ஸ் தாங்குவது ஒரு மி.மீ.க்கு 2 மடங்கு வீதம் அதிகபட்சம் 140 மடங்கு. அதற்குமேல் படம் பெரிதாகுமே தவிர புதிதாக எதுவும் தெரியாது, மங்கிக்கொண்டே போகும். நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகும். பூமி சுற்றிக்கொண்டிருப்பதால் 525 மடங்கில் ஒரு நட்சத்திரம் அரை நிமிடம்கூடக் கண்ணில் நிற்காமல் நழுவிவிடும். 20 மி.மீ. ஐபீஸில், அதாவது 35 மடங்கில், ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கும். ஆகவே 4 மி.மீ. ஐபீஸையும் பார்லோவையும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு 20 போதும். கோள்களுக்கு மட்டும் 12.5 மாட்டினால் 56 மடங்கு.

ஆட்டத்துக்கு முக்கியக் காரணம் ட்ரைபாட். கால்களை முழுக்க நீட்டி, நின்றுகொண்டு பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கால்களை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நடுத்தட்டின் அடியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அது தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும், காற்றில் ஊஞ்சலாடக் கூடாது. மூன்று கால்களுக்கும் கீழே பழைய சைக்கிள் டியூபை நாலாக மடித்து வையுங்கள். இவ்வளவு செய்தும் குழாயைத் தொட்டால் படம் அதிரும். தொட்டுவிட்டு, கையை எடுத்து, மூன்று விநாடி கழித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

நிலாவைத் தவிர எதுவும் சிக்காததற்குக் காரணம் குழாயின் மேல் குறிபார்ப்பதற்காக இருக்கும் சின்னக் குழல், ஃபைண்டர். அதைப் பகலில் சரிசெய்ய வேண்டும். சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில், அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு செல்போன் கோபுரத்தின் உச்சியை 20 மி.மீ. ஐபீஸின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். குழாயை அசைக்காமல், ஃபைண்டரைச் சுற்றியுள்ள திருகுகளை ஒன்றைத் தளர்த்தி ஒன்றை இறுக்கி, அதே உச்சி குறுக்குக்கோட்டின் நடுவில் வரும்வரை திருப்புங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் இருட்டில் நட்சத்திரம் தேடுவது ஊசி தேடுவதுதான். இன்னொரு சிறு வேலை: நிலா கூர்மையாகத் தெரியும்போது, நீண்டு சுருங்கும் குழாயில் அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள். குவியம் விலகியிருந்தால் மங்கலான நட்சத்திரம் பரவி மறைந்துபோகும், எதிரிலேயே இருந்தாலும் தெரியாது.

ஐபீஸில் திருகுகிற கறுப்புக் கண்ணாடி, ‘சூரிய வடிகட்டி’ என்று, உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள். லென்ஸ் குவிக்கும் வெப்பம் முழுவதும் அதில்தான் விழும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிசல் விடலாம், கண் போய்விடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பகலில் கருவியை மாடியில் நிறுத்திவைக்கவே வேண்டாம்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கீபோர்டு ஏன் பெட்டிக்குள் போனது? அது காத்திருந்தது. இன்று வாசிக்காவிட்டால் நாளை வாசிக்கலாம். சொந்தத் தொழில் செய்கிறவரின் நாளில், காத்திருக்கக்கூடியதெல்லாம் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். வேலை முடிந்தது என்று மணி அடிக்க ஆள் இல்லாததால் அந்தக் கடைசி வருவதே இல்லை. தோட்டம் வேறு மாதிரி. அது இன்னொரு வாடிக்கையாளர், தினமும் வந்து நிற்கும். இரண்டும் நல்ல பொழுதுபோக்குகள்தாம், உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது தனக்கென்று ஒரு கடிகாரம் வைத்திருக்கும் பொழுதுபோக்கு. இரண்டு வாரம் எட்டிப் பார்க்காவிட்டாலும் வானம் கருகாது, அதே சமயம் இன்று எட்டு மணிக்குத் தெரிவது உங்களுக்காகப் பதினொன்று வரை நிற்கவும் நிற்காது.

இன்னொரு வசதியும் இருக்கிறது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கண்மணி சீக்கிரமே விரிந்துவிடும். ஆனால் மங்கலான ஒளியை உணரும் நிறமி விழித்திரையில் மெல்லத்தான் சேரும். வெளிச்சமான செல்போன் திரையை ஒரு முறை பார்த்தால் சேர்ந்ததில் பெரும்பகுதி போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து. ‘போனைத் தள்ளிவை’ என்று மனதுக்குச் சொல்லிச் சொல்லித் தோற்றவர்கள் பலர். இங்கே உங்கள் கண்ணே அதற்குக் கூலி கேட்கும். போன் கீழே இருக்கட்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் குறிப்பிட்ட நேரத்துக்குமேல் தானாகப் பதில் போகும்படி அமைக்கலாம். ‘காலை 10 மணிக்குப் பார்த்துச் சொல்கிறேன்’ என்ற ஒரு வரி போதும், காரணம் எதுவும் எழுத வேண்டாம். குறிப்பெடுக்க வெளிச்சம் வேண்டுமே என்றால், சிறிய டார்ச்சின் முகத்தில் சிவப்பு பலூனை இரண்டு மடிப்பாக இழுத்து மாட்டுங்கள். மங்கலான சிவப்பு இருட்டுப் பார்வையை அதிகம் கெடுக்காது.

நேரத்தைப் பொறுத்தவரை உங்கள் சுவரில் இருக்கும் தினசரி நாட்காட்டியே போதும், செயலி எதுவும் வேண்டாம். ஜிஎஸ்டி கெடு நாட்களான 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் முந்தைய மூன்று மூன்று நாட்களைக் கோடிட்டு விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் மாடி ஏறவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். மீதி நாட்களில் திதியைப் பாருங்கள். வளர்பிறைச் சதுர்த்தி முதல் தசமி வரை நிலாவுக்கு. பௌர்ணமி நிலா அழகுதான், ஆனால் ஒளி நேராக விழுவதால் நிழலே இல்லாமல் தட்டையாகத் தெரியும். அஷ்டமியன்று ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டோரம் பாருங்கள். பள்ளங்களின் விளிம்பும் மலைகளின் நிழலும் அங்கேதான் எழுந்து நிற்கும். அரைமணி கழித்துப் பார்த்தால், இருட்டுக்குள் புதிதாக ஒரு மலையுச்சி வெளிச்சம் பெற்றிருக்கலாம். அமாவாசையை ஒட்டிய நாட்கள் நட்சத்திரங்களுக்கு. அமாவாசை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் வீதம் முன்னால் நகரும். இந்த மாதம் 20ஆம் தேதியோடு மோதினாலும் சில மாதங்களில் விலகிவிடும்.

கான்கிரீட் மாடி பகல் வெயிலைக் குடித்துவைத்து இரவு பத்து மணி வரை விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் கோள்கள் கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். மாலையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். கருவியை அரைமணி முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.

இப்போது தை மாதம். மழை விட்டுப்போய், ஆடிக் காற்று தொடங்காத இந்த மாதங்கள்தான் உங்கள் ஊருக்கு நல்ல வானம். இரவு எட்டரை, ஒன்பதுக்குத் தலைக்குமேல் பாருங்கள். வேட்டைக்காரன் (ஓரியன்) என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டையாக மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும். அதற்கு வடக்கே செந்நிறமாக இருப்பது திருவாதிரை. பட்டைக்குத் தெற்கே தொங்கும் சிறு வரிசையின் நடுவில் கருவியைத் திருப்புங்கள், 35 மடங்கில். புகைபோல ஒரு படலம் தெரியும், நட்சத்திரங்கள் பிறக்கிற இடம். நேராக உற்றுப் பார்த்தால் மங்கும், பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் விரியும். ஓரப் பார்வையில்தான் மங்கலை உணரும் செல்கள் அதிகம். மேற்கே சாய்ந்திருக்கும் கார்த்திகையை நம்மவர்கள் அறுமீன் என்றார்கள். கருவியில் ஆறு பல பத்தாகும். தெற்கே தாழ்வாக, தனியாக, வெண்மையாக எரிவது அகத்தியர் நட்சத்திரம். கரூரில் அது அடிவானத்திலிருந்து 26 பாகைதான் ஏறும். தெற்குப் பக்கம் மாடி வீடு இருந்தால் வேறு மூலை தேடுங்கள்.

சித்திரை, வைகாசியில் இரவு பத்து மணிக்கு வடக்கே வசிஷ்டரும் அருந்ததியும். கல்யாணத்தில் பகலிலேயே காட்டுகிறார்களே, அதே அருந்ததி. கருவியில் பார்த்தால் வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். 35இல் ஒட்டினாற்போல, 56இல் தெளிவாக. அதே மாதங்களில் தெற்கே ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து 31 பாகை உயரத்துக்கு வரும். லண்டனில் இருப்பவருக்கு அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. நாம் தெற்கே இருப்பதன் பேறு இது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அமைந்ததற்கும் இருண்ட வானத்தோடு இந்தத் தென்வானம் ஒரு காரணம். 1986இல் அங்கே நிறுவிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவு. ஒருமுறை போய்வாருங்கள், பார்வையாளர் நாளை முன்பே விசாரித்துக்கொண்டு. நகர வெளிச்சம் உறுத்தினால் கடவூர்ப் பக்கம் தெரிந்தவர் தோட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் இரவில் போக வேண்டாம்.

வியாழன் எங்கே என்று பஞ்சாங்கமே சொல்லும். குரு கடகத்தில் என்றால் வானத்திலும் பூசத்தின் அருகேதான் தேட வேண்டும். இருபுறமுமாக மொத்தம் நாலு புள்ளிகள், அதன் பெரிய நிலவுகள். இவைதான் உங்கள் முதல் நோட்டுப் புத்தகம். ஒரு பக்கத்துக்கு ஐந்து வட்டம் போட்டு, தேதி, மணி, புள்ளிகள் இருக்கும் இடம் குறியுங்கள். இந்த நாலில் வியாழனுக்கு மிக அருகில் உள்ள அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிப்பதால் இரண்டு மணி இடைவெளியிலேயே நகர்வு தெரியும். சில இரவுகளில் மூன்றுதான் இருக்கும், நாலாவது வியாழனுக்கு முன்னோ பின்னோ போயிருக்கும். சனியின் வளையம் 2025இல் நமக்கு விளிம்பைக் காட்டி ஏறக்குறைய மறைந்தது. ஆண்டுக்கு ஆண்டு விரிந்து, 2032 வாக்கில் முழு அகலத்தில் நிற்கும். ஆண்டுக்கு ஒரு படம் வரைந்துவந்தால் நோட்டிலேயே அது திறப்பதைப் பார்க்கலாம்.

மைத்துனரிடம் அன்பாக மறுத்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஆசையாகக் காட்டுங்கள், காசு வாங்காமல். காசு வந்த அன்றே தேதி ஒப்புக்கொள்ள வேண்டும், மேகம் வந்தால் பதில் சொல்ல வேண்டும். கீழே அறையில் இருக்கும் தொழில் மாடிக்கும் ஏறிவிடும்.

செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் 10x50 (10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாவற்றையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு மூடிவையுங்கள். மணிகளின் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போடலாம். நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் மேற்பூச்சையே அரித்துவிடும். பனி படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், மின்விசிறிக் காற்றில் தானாக உலரட்டும்.

இந்த வளர்பிறை அஷ்டமி எந்தக் கிழமை என்று பார்த்துவிட்டு, அதற்கு முன் ஒரு காலையில் ஃபைண்டரைச் சரிசெய்துவிடுங்கள்.