மழைக்கு மங்கும் சிக்னல்: வாசகர் கேள்விகள்

மழை வலுத்தால் டிடிஎச் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. தூறலில் ஒன்றும் ஆவதில்லை. பெரிய டிஷ் போட்டால் சரியாகுமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

ஓரளவு சரியாகும். டிடிஎச் வரும் கேயூ பேண்ட் என்ற அலைவரிசை ஏறக்குறைய 12 கிகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் இரண்டரை செ.மீ.தான். கனமழையின் பெருந்துளிகள் இந்த அலையை உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. மணிக்கு 100 மி.மீ. வீதம் கொட்டினால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 டெசிபல் (சிக்னல் வலிமையை ஒப்பிடும் அலகு) இழப்பாகிவிடும். கேபிள் ஆபரேட்டரின் சி பேண்ட் டிஷ் 4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், அதே மழையில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல்கூட இழப்பதில்லை.

மழை தானும் ரேடியோ இரைச்சலை உமிழும். அதனால் செட்டாப் பாக்ஸ் மெனுவில் 'ஸ்ட்ரென்த்' அதிகம் இறங்காமலே 'குவாலிட்டி' சரியும். குவாலிட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

60 செ.மீ. டிஷ்ஷை 90 ஆக்கினால் மூன்றரை டெசிபல் கூடும். நடுத்தர மழையைத் தாங்கும். ஐப்பசி அடைமழையில் 10 டெசிபலுக்கு மேல் போகும்போது அதுவும் போதாது. பெரிய டிஷ்ஷின் பார்வைக் கோணம் குறுகலானது, கொஞ்சம் அசைந்தாலும் சிக்னல் விலகும். ஆகவே செலவு செய்யும் முன், வானம் தெளிந்த நாளில் இருக்கிற டிஷ்ஷையே அணு அணுவாகத் திருப்பி, குவாலிட்டி உச்சம் தொடும் இடத்தில் நட்டுகளை இறுக்குங்கள். புயல் காற்றுக்குப் பிறகும் இதைச் செய்ய வேண்டும்.

மழை விட்டு வெகுநேரமாகியும் படம் வரவில்லையா? எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் சிறு கருவி) அருகில், கேபிள் முனையில் திருகியுள்ள எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கடலூர் உப்புக்காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். பாக்ஸை அணைத்துவிட்டு, நல்ல செம்பு தெரியும்வரை கேபிளை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, நீர்புகா ரப்பர் டேப் சுற்றுங்கள். கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டுக் கட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பாதிச் சேனல்கள் மட்டும் போனால், எல்என்பிக்கு 18 வோல்ட் சரியாகப் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். அதற்கும் அரித்த கனெக்டரே பெரும்பாலும் காரணம்.

படகு ஜிபிஎஸ் மழையில் ஒழுங்காக இருக்கிறது. வானம் தெளிந்த சில இரவுகளில் இடம் தாவுகிறதே?
– வாசகர், வீராம்பட்டினம், புதுச்சேரி

ஜிபிஎஸ் அலைநீளம் 19 செ.மீ.; மழை அதற்குப் பொருட்டே இல்லை. தொல்லை தருவது, வளிமண்டலத்தின் உயரே மின்துகள்கள் நிறைந்த அயனமண்டலம். பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிச் செல்வதால், சூரியன் மறைந்தபின் நம் தலைக்கு மேல் மின்துகள் அடர்த்தி குலைந்து சிக்னல் நடுங்கும். பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களில், நள்ளிரவு வரை இது அதிகம். ஒரே நேரத்தில் எல்லாச் செயற்கைக்கோளும் பாதிக்கப்படுவது அரிது. ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், இந்தியாவின் நாவிக் ஆகியவற்றின் சிக்னலையும் எடுக்கும் கருவி நல்லது. முகத்துவாரத்தில் நுழையும்போது கலங்கரை விளக்கத்தையும் ஆழமானியையும் சேர்த்தே பாருங்கள்.