ஜூரிகளின் பின்பாட்டு

அன்புள்ள அண்ணா,

தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கலைக்குழுவின் வருடக் கடைசி நிகழ்ச்சிக்கு கில்பர்ட்டும் சல்லிவனும் எழுதிய ‘ட்ரையல் பை ஜூரி’ என்ற ஆங்கிலச் சிரிப்பு இசை நாடகத்தைத் தமிழில் போடலாம் என்று சொன்னேன். இருபத்து மூன்று பேர் இருக்கிறோம். பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது, பாட வரும். எங்கள் பெரியவர் ஒருவர், “நம்ம கூத்தே செத்துக்கிட்டு இருக்கு, வெள்ளைக்காரன் கூத்து எதுக்கும்மா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் முன்பு இதைப் போட்டீர்களாமே. போடலாமா?

கே.

அன்புள்ள கே.,

போட்டோம், முக்கால்வாசி. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்களுக்கு ஏற்ற நாடகம்தான். நாற்பது நிமிடம். வசனமே கிடையாது, முழுக்கப் பாட்டு. பாரத்தில் பாதியைக் கோரஸ் சுமக்கிறது. அதனால் தனியாகப் பாடக் கூச்சப்படுகிற அத்தைக்கும் மேடையில் இடம் உண்டு. 1961 கடைசி வரை இவர்கள் நாடகங்களை மேடையேற்ற உரிமையைக் கையில் வைத்திருந்த லண்டன் டாய்லி கார்ட் கம்பெனியின் தயவு வேண்டியிருந்தது. இப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டாம். நீதிபதி நுழையும் காட்சியை மட்டும் பாடிக் காட்டுங்கள். வந்தவர் வழக்கை எடுப்பதில்லை, தன் கதையைப் பாடுகிறார். ஏழை வக்கீலாக இருந்தாராம். பணக்கார வக்கீல் ஒருவரின் வயதான மகளைக் காதலிப்பதாகச் சொல்லி, மாமனார் தயவில் வழக்குகள் பிடித்து, கையில் காசு சேர்ந்ததும் அவளைக் கழற்றிவிட்டாராம். அவர்தான் இன்று, கட்டிக்கொள்கிறேன் என்று ஏமாற்றியவன் மீதான வழக்கை விசாரிக்கப் போகிறார்! ஒவ்வொரு அடி முடியும்போதும் கோரஸ் கடைசி வரியை வாங்கித் திருப்பிப் பாடுகிறது. வேஷம் வந்து நின்று தன்னைத் தானே பாடி அறிமுகம் செய்துகொள்வதும், பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்குவதும் வேறெங்கே இருக்கிறது? நம்மூரில் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்கிறார்களே, அந்தத் தெருக்கூத்தில்தான். 1875இல் லண்டனில் இதைப் போட்டவர்களுக்கு அது தெரியாது, பெரியவருக்குத் தெரியும்.

இன்னொன்று. வழக்கில் மாட்டிக்கொண்ட எட்வின், “இன்றைக்கு இவளைக் கட்டிக்கொள்கிறேன், நாளைக்கு அவளை” என்று கோர்ட்டிலேயே சமரசம் பேசுகிறான். லண்டனில் இது வெறும் சிரிப்பு. இங்கே அப்படி இல்லை. 1913 மார்ச் 14 அன்று கேப் டவுனில் நீதிபதி சேர்ல், பல தாரத்தை அனுமதிக்கும் மத முறையில் நடந்த கல்யாணத்தை இந்த நாட்டுச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்புச் சொன்னார். அது ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கு. ஆனால் நம் பாட்டிகளுக்கும் வயிறு கலங்கியது. ஒரே நாளில் தாலிக்கு மரியாதை போய்விட்டதே! அந்த வருடம் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கியதற்கு இது பெரிய காரணம். பதினாறு வயது தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோய் கண்டு, வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்துபோனாள். ஆக, ஒரு வெள்ளைக்கார மாப்பிள்ளை கோர்ட்டில் நின்று இரண்டு பெண்டாட்டி கேட்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். கோரஸை ஒரு மூச்சு சும்மா நிற்க வையுங்கள். புரிகிறவர்களுக்குப் புரியும்.

ஜூரி என்றால் வழக்கில் முடிவு சொல்ல உட்காரும் சாதாரண ஆட்களின் குழு என்று மட்டும் கட்டியங்காரன் இரண்டு வரி விளக்கம் தரட்டும். இந்த நாட்டில் அது 1969இல் ஒழிந்துவிட்டது, பிள்ளைகள் அமெரிக்கப் படத்தில் பார்த்ததோடு சரி.

உண்மையான தொல்லை மொழிபெயர்ப்பில். சல்லிவனின் மெட்டில் நீளும் சுரத்துக்குக் குறில் எழுத்தைக் கொடுத்தால் தமிழ் பழிவாங்கும். “மணம் கேட்டு வந்தாள்” என்று நான் எழுதிக் கொடுத்தேன். ‘ம’ இருந்த இடத்தில் மெட்டு நீண்டது. ரோமன் எழுத்தைப் பார்த்துப் பாடியவர்களுக்கு ணகரமும் னகரமும் ஒன்றுதான். “மானம் கேட்டு வந்தாள்” என்று பன்னிரண்டு பேர் ஒரே குரலில் பாடினார்கள். திருத்தினேன். இப்போது யோசித்தால், வழக்கே அதுதானே, விட்டிருக்கலாம். எழுதும்போது முதலில் மெட்டை வாயால் தட்டுங்கள், நெடில் விழும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் சொல்லைத் தேடுங்கள். ஆங்கில வரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

சரி, முக்கால்வாசிக் கதை. ஒரு கோயில் ஹாலில் போட்டோம். நீதிபதி தோழிப் பெண்ணுக்குக் காதல் சீட்டு அனுப்பிவிட்டு, கல்யாணச் சேலையில் மணப்பெண் வந்ததும் அதைப் பிடுங்கி இவளுக்குக் கொடுக்கும் இடத்தில் லோட்ஷெட்டிங், கரண்ட் போய்விட்டது. கீபோர்டு செத்தது. ஆனால் மிருதங்கத் தம்பி நிறுத்தவில்லை. ஜூரிகள் கையிலிருந்த தாள்கள் இருட்டில் எதற்கும் உதவாததால், அன்றைக்குத்தான் முதல்முறையாக நீதிபதியின் முகம் இருக்கும் திசையைப் பார்த்துப் பாடினார்கள். சபையிலிருந்து யாரோ செல்போன் வெளிச்சம் அடிப்பதற்குள் ஒரு பாட்டு முடிந்திருந்தது. அன்று பாடியதில் அதுதான் சுத்தமான பாட்டு. கடைசிக் காட்சியைப் போட முடியவில்லை. ஹாலைப் பூட்டும் நேரம் வந்துவிட்டது.

பாடுகிறவர்கள் கையிலிருந்து தாள்களை ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். மிருதங்கத்துக்கு ஆள் இல்லையென்றால் எழுதுங்கள், அந்தத் தம்பி இப்போது டர்பன் ஃபீனிக்ஸில்தான் இருக்கிறான்.