பூவுக்கு வரும் பூச்சிகள்: கேள்வி-பதில்

கோவையில் எங்கள் மாடித்தோட்டத்துக்கு பம்பிள்பீ வருகிறது. பெட்டியில் வளர்க்கலாமா?

அது பம்பிள்பீ என்னும் முடியடர்ந்த பெரிய தேனீ அல்ல, மரம் துளைக்கும் தச்சுத்தேனீ. இந்தியாவில் பம்பிள்பீ ஐம்பது இனம் போல உண்டு. எல்லாம் இமயமலை, வடகிழக்குப் பக்கம். வயிற்றின் மேல்பக்கம் முடியில்லாமல் பளபளத்தால் தச்சுத்தேனீதான். தனித்து வாழ்வது, பெட்டியில் தங்காது.

கறுப்பு வண்டு பந்தல் மூங்கிலைத் துளைக்கிறது. என்ன மருந்து?

எந்த ஊர், பந்தலில் என்ன கொடி, ஒன்றும் எழுதவில்லை. மருந்து மட்டும் உடனே வேண்டும்! இதுவும் தச்சுத்தேனீதான். துவரையும் சணப்பையும் காய்ப்பதில் இதற்குப் பெரிய பங்கு. பந்தல் காலுக்கு பெயின்ட் அடியுங்கள், அது கூடு வைக்க பழைய மூங்கில் இரண்டை ஓரமாகக் கட்டிவிடுங்கள்.

ரோஜா இலையில் அரைவட்ட வெட்டு. புழுவா?

இலைவெட்டித் தேனீ. கூடு கட்ட எடுத்துப்போகிறது. செடிக்குக் கேடில்லை.

கத்தரியில் பூ கொட்டுகிறது. வாராவாரம் காலையில் மருந்து அடிக்கிறேன். தேனீப் பெட்டி வைத்தும் பலனில்லை.

காலையில் மருந்து அடிக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? பூச்சிகள் பூவுக்கு வரும் நேரமே அதுதான். சூல்தண்டு (பூ நடுவில் நிற்கும் பெண் உறுப்பின் காம்பு) குட்டையான பூக்கள் எப்படியும் உதிரும், அதை விடுங்கள். மற்றவை காய்க்க மகரந்தம் வெளியே வரவேண்டும். கத்தரியின் மகரந்தப்பை வெடிப்பதில்லை. நுனியில் இரண்டு சிறு துளை மட்டும். நீலப்பட்டைத் தேனீ அதைக் கட்டிப்பிடித்து, இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். பக்கத்தில் நின்றால் ‘ர்ர்ர்’ என்று கேட்கும், மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பெட்டி வாங்கப் பணம் இருக்கிறது, நீலப்பட்டைக்கு ஒரு முழம் வெறும் மண் விட மனமில்லை! அது மண்ணிலும் மண்சுவரிலும் வளை தோண்டுவது. வாசல் முழுக்க சிமென்ட், பாத்தி முழுக்க பிளாஸ்டிக் ஷீட் என்றால் எங்கே போகும்? நீர் தேங்காத ஒரு மூலையைக் கொத்தாமல் விடுங்கள். வரப்பில் தும்பை, துளசி பூக்கட்டும். தண்டுத் துளைப்பான் தாக்கிய குருத்தைக் கிள்ளி எரியுங்கள். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து வேண்டாம், செடிக்குள் ஏறி மகரந்தம் வரை போகும். மருந்து தவிர்க்கவே முடியாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு.

பீர்க்கை, புடலைப் பூவில் காலையில் ஒரு பூச்சிகூட இல்லையே?

பீர்க்கை சாயங்காலம் விரியும், புடலை இரவில். அந்துப்பூச்சிகள் வரும். மாடி விளக்கை அணைத்து வையுங்கள்.

மாம்பூவில் ஈ மொய்க்கிறது. விரட்டவா?

வேண்டாம். மாவுக்கு ஈக்கள்தான் முக்கியம். தத்துப்பூச்சிக்கு அடிப்பதானால் மொட்டு விரியும் முன்பே அடித்து முடியுங்கள்.