ஐப்பசி முதல் மார்கழி வரை: மொட்டைமாடிக் கேள்விகளுக்குப் பதில்

சென்னை மொட்டைமாடியில் பல வருடமாகத் தொட்டிச்செடி வளர்ப்பவன். அடைமழையிலிருந்து மார்கழிப் பனி வரைக்கும் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். அதற்கு முன், தொட்டிக்குக் கீழே தட்டு வைத்திருப்பவர்கள் எழுந்து போய் அதை எடுத்துவிட்டு வாருங்கள்.

கே: ஆடியில் போட்ட அவரை பந்தல் கொள்ளாமல் படர்ந்திருக்கிறது. ஐப்பசி பிறந்தும் ஒரு பூ இல்லை. உரம் போதவில்லையா?

உரத்தை நிறுத்துங்கள். நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். கார்த்திகை வரை பொறுங்கள்.

கே: ஒரே சாமந்தியிலிருந்து கிள்ளி வைத்த இரண்டு தொட்டி. பின்பக்கத்தில் இருப்பது மொட்டு விட்டுவிட்டது, தெருப்பக்கம் இருப்பது வெறும் இலை. ஏன்?

தெருவிளக்கு! எனக்கும் இதே கதைதான். கைப்பிடிச்சுவர் ஓரம் இருந்தது புதர் மாதிரி வளர்ந்துகொண்டே போனது, தண்ணீர்த்தொட்டி நிழலில் மறந்துபோய் விட்டது மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. சாமந்திக்கு நீண்ட, இடையில் வெளிச்சம் படாத இருட்டு வேண்டும். சென்னையில் டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம்தான், மீதியெல்லாம் இரவு, ஆனால் உங்கள் செடிக்கு அந்த இரவே வருவதில்லை, விடிய விடிய எல்இடி எரிகிறது. பெங்களூரைச் சுற்றி இதையே தலைகீழாகச் செய்கிறார்கள், பூ தள்ளிப்போக வேண்டும் என்று சாமந்தி வயலில் ராத்திரி பல்பு எரியவிடுவார்கள். நீங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலையில் எடுங்கள். சில வாரம் விடாமல் செய்யவேண்டும். இல்லையென்றால் தொட்டியைப் பின்பக்கம் நகர்த்துங்கள், முதுகுவலியோடு போகும்.

கே: மொச்சை பூக்கவில்லை, உரம்...

அவரைக்குச் சொன்னதேதான்.

கே: மழையில் கறிவேப்பிலை மஞ்சளாகிறது.

வேரில் தண்ணீர் நிற்கிறது. அடியிலுள்ள ஓட்டையைக் கம்பியால் குத்திவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தட்டு வேண்டாம்.

கே: ஊட்டியில் உறைபனிக்கு ரோஜாவை எப்படி மூடுவது?

அது மலைக்காரர்கள் சமாச்சாரம். அங்கே தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

கே: மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூ பறித்தால் காய் பிடிக்காது என்கிறார் மாமியார். உண்மையா?

எந்தப் பூ என்று பாருங்கள். பூவுக்கு அடியில் குட்டிக்காய் இருந்தால் பெண்பூ, தொடாதீர்கள். வெறும் நீளக் காம்பு என்றால் ஆண்பூ, தாராளமாகப் பறிக்கலாம்.

கே: தாராளமாகவா? ஆண்பூவை எல்லாம் பறித்தால் மகரந்தத்துக்கு எங்கே போவது? மாமியார் சொன்னதுதான் சரி.

எல்லாவற்றையும் என்று யார் சொன்னது? இரண்டு மூன்றை விட்டுவையுங்கள்.

கே: தேனீ வந்துபோன பிறகு பறித்தால் வம்பே இல்லையே?

கோலம் போடுவது விடிகாலையில், தேனீ வருவது விடிந்த பிறகு. மதியத்துக்குள் பூவே சுருங்கிவிடும்.

கே: எங்கள் மாடிக்குத் தேனீயே வராது. நாங்கள் பிரஷ் வைத்துத் தொடுகிறோம்.

பிரஷ் எதற்கு? அன்று பெண்பூ விரிந்திருந்தால், பறித்த ஆண்பூவையே அதன் நடுவில் மெதுவாகத் தேய்த்துவிட்டு, அப்புறம் சாணி உருண்டையில் செருகுங்கள். காய்க்கும் ஆச்சு, கோலத்துக்கும் ஆச்சு. மாமியாரிடம் அவர் சொன்னதில் பாதி சரி என்று சொல்லிவிடுங்கள்.

கே: அவரை இலையாகவே...

மேலே படியுங்கள் ஐயா, முதல் பதில்.

கே: தட்டை எடுத்தால் மாடியில் கறை படிகிறதே?

படியட்டும்.

கே: செங்கல் வைக்கத் தொட்டியைத் தூக்கினேன். தட்டில் புழு நெளிகிறது!

டெங்கு கொசுவாகவும் இருக்கலாம், இந்த மாதிரித் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். காய்ந்த தரையில் கொட்டுங்கள், சாக்கடையில் வேண்டாம். கொட்டியதோடு விடாமல் தட்டின் உள்விளிம்பை நார் போட்டுத் தேயுங்கள். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது, அடுத்த மழைத்தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.